வசதியா? காவலா?

இரயில் பயணச் சீட்டு முதல் தேர்வு விண்ணப்பம் வரை அனைத்தையும் இன்று இணையதளத்திலேயே பதிவு செய்கிறோம். பெயர், வயது, பிறந்த தேதி என்று நாம் கட்டங்களில் நிரப்புபவை கணிப்பொறியின் பதிவேட்டில் எவ்வாறு போய்ச் சேருகின்றன? அன்புத் தோழியரே, அதனைச் சற்றுக் காண்போமா?

சாதாரணப் படிவத்தில் நாம் எதை நிரப்பினாலும் அது வெறும் எழுத்து வரிசையாகவே சென்று சேருகிறது. "15" என்பது அங்கே எண் அன்று; 1, 5 என்னும் இரு குறிகளே. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இந்த "15" உடன் 1 என்ற எண்ணைக் கூட்டினால் 16 வராது, "151" வரும்! ஆகவே எது எண், எது தேதி, எது ஆம்-இல்லை என்று வகை பிரித்து, உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். இவ்வேலைக்குத் தரவுப் பிணைப்பு என்று பெயர்.

இதனை இரு வழிகளில் செய்யலாம்.

1. ஒவ்வொரு கட்டத்தின் பெயரையும் வகையையும் முன்பே அறிவித்து, பொருந்தாதவற்றைத் திருப்பி அனுப்புதல். இதில் காவல் உண்டு. எழுதும் வேலையும் அதிகம்.

2. வந்தவை அனைத்தையும் பெயர்ப் பொருத்தம் பார்த்து, ஒரே வரியில் பதிவேட்டில் ஏற்றிவிடுதல். 2004-ஆம் ஆண்டு வெளிவந்த ரூபி ஆன் ரெயில்ஸ் என்னும் பிரேம்வொர்க் இவ்வசதியை அளித்தது. சில பேரே கூடி விரைவில் ஒரு தளத்தை அமைக்க இது பெரிதும் உதவியது.

ஆனால் இவ்வசதியில் ஓர் ஆபத்தும் உண்டு. படிவத்தில் இல்லாத கட்டத்தையும் ஒருவர் தாமாகவே சேர்த்து அனுப்ப முடியும். முகவரி திருத்தும் படிவத்தோடு "மதிப்பெண் 100" என்று ஒரு மாணவி சேர்த்து அனுப்பினால், காவலற்ற பதிவேடு அதனையும் ஏற்றுக்கொள்ளும்!

2012 மார்ச்சில் இத்தகைய நிகழ்ச்சி உண்மையாகவே நடந்தது. நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில், நுழைவுத் திறவுகோலைப் பதியும் படிவம் ஒன்று உண்டு. ரஷ்யாவைச் சேர்ந்த எகோர் ஹோமகோவ் என்பவர், அதில் திறவுகோலுக்கு உரியவரின் எண்ணை மாற்றி அனுப்பினார். தளம் அதனை அப்படியே ஏற்றது. ரெயில்ஸ் குழுவினரின் சேமிப்பிலேயே எழுதும் உரிமை அவருக்குக் கிடைத்துவிட்டது! 2013-இல் வந்த ரெயில்ஸ் 4 பதிப்பில், அனுமதி பெற்ற கட்டங்களை வரிசையிட்டுக் கூறினாலன்றி மொத்தமாக ஏற்ற இயலாது என்னும் ஒழுங்கு வந்தது.

அப்படியானால், வகைகளைக் கண்டிப்புடன் பேணும் மொழி ஒன்றே போதுமா? போதாது. ஜாவா அத்தகைய மொழிதான். எனினும் ஜாவாவில் அமைந்த ஸ்பிரிங் பிரேம்வொர்க்கிலும் 2022-இல் பெரிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. வெளியிலிருந்து வந்த கட்டப் பெயர்களைத் தொடர்ந்தே நிரலின் உட்பகுதி வரை எட்ட முடிந்தது.

எனவே, ஒவ்வொரு படிவத்துக்கும் அதற்கு வேண்டிய கட்டங்களை மட்டும் கொண்ட தனி வகையை வரையறுப்பதே நல்வழி. வாயிலில் ஒருமுறை சோதித்துவிட்டால், பிறகு பெயர் பொருத்தும் வேலையைக் கணிப்பொறியிடமே விட்டுவிடலாம். காவலும் கிட்டும், வசதியும் குறையாது.

தோழியரே, நாளை நம்மில் பலர் நிரல் எழுதுவோம். பிறருடைய பணமும் மதிப்பெண்ணும் மருத்துவக் குறிப்பும் நம் நிரலை நம்பியிருக்கும். அவற்றைக் காக்கும் பத்து வரிகளை எழுதச் சோம்பாதிருப்போம்!