ஒரு பிடி அரிசியும் ஓர் ஊஞ்சலும்

கோடை விடுமுறைக்கு விருதுநகர்ப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ! சாயங்காலம் ஐந்தரை மணிக்குக்கூட மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது. வீட்டுக்குள்ளேயோ மூன்று பிள்ளைகள். கட்டிலிலிருந்து குதித்தாயிற்று, தலையணையைக் கிழித்தாயிற்று, இனி ஒன்றையொன்று அடித்துக்கொள்வதுதான் பாக்கி.

"பக்கத்திலே பூங்கா எதுவும் இல்லையா மதினி?" என்றேன்.

"இருக்கு. நீயே போய்ப் பாரேன்" என்று சிரித்தார் மதினி.

போய்ப் பார்த்தேன். (ஊர்ப் பெயர் வேண்டாம். எல்லா ஊரிலும் ஏறக்குறைய இதே கதைதான்.) திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருக்கிறது. ஊஞ்சலில் சங்கிலி தொங்குகிறது, பலகை இல்லை. சறுக்கு மரத்தின் அடியில் துருப்பிடித்து ஓட்டை. போர் மோட்டார் பழுதாம். புல்லெல்லாம் காய்ந்து சருகாகிவிட்டது. சின்னவன் சங்கிலியைப் பிடித்துத் தொங்கிவிட்டு, "அத்தை, வீட்டுக்குப் போகலாம்" என்றான்.

அன்று ராத்திரி திண்ணையில் இதைப் பற்றித்தான் பேச்சு. எதிர்வீட்டு அக்கா, "டிக்கெட் போட்டா எல்லாம் சரியாயிடும். காசு கொடுத்து வந்தா யாரும் உடைக்க மாட்டாங்க" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்குப் பத்து ரூபாய் என்றால் தாயும் இரண்டு பிள்ளைகளும் தினம் போக மாதம் தொள்ளாயிரம் ரூபாய். தீப்பெட்டி ஆபீஸுக்கும் பட்டாசு ஆபீஸுக்கும் போய் வருகிற தாய் அந்தப் பணத்தில் பிள்ளைக்குப் பாலும் முட்டையும் வாங்குவாளா, ஊஞ்சலுக்குக் கொடுப்பாளா? சென்னையில் செம்மொழிப் பூங்கா மாதிரி எப்போதாவது குடும்பத்தோடு பார்க்கப் போகும் இடத்துக்குக் கட்டணம் இருக்கட்டும். தெருமுனைப் பூங்கா அப்படியில்லை. ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளை தினம் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் தேவைப்படுகிற ஒன்றுக்கு வாசலில் காசு கேட்கலாமா?

அதுவும் இந்தச் சீமையில்! விடியுமுன் பஸ் ஏறி தீப்பெட்டி ஒட்டப் போன பிள்ளைகள் வளர்ந்த ஊர்கள் இவை. பதினான்கு வயதுக்குட்பட்டவர்களைத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் வைக்கக் கூடாதென்று 1986ல் சட்டம் வந்தது. அன்று விளையாடாத பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்று தெருவில் பந்தடிக்கிறார்கள்.

சரி, பணம் எங்கேயிருந்து வருகிறது?

முதலில் நிலம். மனை வாங்கின சகோதரிகள் அந்த வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் (சுமார் 74 சென்ட்), சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைப் பொது இடமாக விட வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. 10,000 சதுர மீட்டர் வரைக்கும் நிலத்துக்குப் பதில் அதன் மதிப்பைப் பணமாகக் கட்டிவிடலாம். அதற்கு மேலே போனால் நிலமாகவே உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். படத்தில் 'பூங்கா' என்று போட்டிருக்கும் இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சில இடங்களில் சீமைக் கருவேலம் இருக்கும், சில இடங்களில் யாரோ ஒருவருடைய கார் ஷெட்!

கட்டுவதற்கும் வழி இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினர் நிதி உண்டு. 2021ல் மறுபடி தொடங்கின 'நமக்கு நாமே' திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும்.

திண்டாட்டமெல்லாம் திறப்பு விழாவுக்கு மறுநாள் தொடங்குகிறது. தண்ணீர் ஊற்ற ஆள், கேட்டைப் பூட்டித் திறக்க ஆள், மோட்டாருக்குக் கரண்டு, வருஷத்துக்கு ஒரு தரம் பெயிண்ட். இதற்குக் கல்வெட்டு வைக்க முடியாதே, யார் முன்வருவார்கள்?

இங்கே ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. 1948ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்கிறது; இப்போது ரூபாய்க்குப் பத்து பைசா. அது நூலகத்துக்கென்றே போகிற பணம். பூங்காவுக்கு அப்படித் தனி வரி கிடையாது. பொது நிதியிலிருந்துதான் ஒதுக்க வேண்டும். குடிநீரும் குப்பையும் சம்பளமும் போக மிஞ்சினால்தானே ஊஞ்சலுக்கு? 2022ல் சொத்து வரி ஏறியபோது 600 சதுர அடி வீட்டுக்கே 25 சதவீதம் கூடிற்று. இன்னொரு வரியா என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. புது வரி வேண்டாம். கட்டுகிற வரியிலேயே சிறு பங்கைப் பூங்காவுக்கென்று கட்டி வைத்தால் போதும் என்பது என் கட்சி.

இத்தனையும் கேட்டுக்கொண்டு வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, காமராசர் படிச்ச பள்ளிக்கூடம் எப்படி நடந்துச்சு தெரியுமா? பிடியரிசியிலே!"

உண்மைதான். விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலா அப்படி வளர்ந்த பள்ளி. உலை வைக்கும் முன் வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்து வைப்பார்கள். வியாபாரிகள் தங்கள் பங்குக்கு வியாபாரத்தில் மகமை என்று எடுத்து வைத்தார்கள். அது ஒரு சமுதாயம் தனக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. பூங்கா எல்லோருக்கும் பொது. ஆகையால் ஆதாரச் செலவு வரிப்பணத்திலிருந்துதான் வர வேண்டும். ஆனால் ஊஞ்சல் பலகைக்கும் சறுக்கு மரத்தை ஒட்ட வைக்கவும் பிடியரிசி போதுமே! இருநூறு வீடு, வீட்டுக்கு இருபது ரூபாய், மாதம் நாலாயிரம். முடியாதவர்கள் கொடுக்க வேண்டாம். அவர்கள் பிள்ளையை யாரும் கேட்கவும் கூடாது.

"அதெல்லாம் சரி, காசைக் கொடுத்தா அவங்க கையை மடக்கிக்கிட்டு உட்கார்ந்துடுவாங்க" என்றார் மதினி. அதுவும் நியாயம்தான். அதனால் முதலில் கணக்குக் கேட்பது, பிறகு கலயம் வைப்பது என்று முடிவாயிற்று. 2022லிருந்து நகரங்களில் வார்டுக்குள் பகுதி சபாக் கூட்டம் நடக்கிறது. பெண்கள் போய்ப் பேசலாம்.

மதினி சிவகாசிக் காலண்டரில் கிழித்த தேதித் தாளை எடுத்துப் பின்பக்கம் எழுதினார். பூங்காவுக்குப் போன வருஷம் எவ்வளவு ஒதுக்கினீர்கள்? எவ்வளவு செலவானது? மோட்டார் எப்போது சரியாகும்? மனைப்பிரிவில் விட்ட பொது இடங்களின் பட்டியல் எங்கே?

"ஊஞ்சல் பலகைன்னு எழுதினியா?" என்றார் பாட்டி.

அதையும் எழுதிக்கொண்டார்.