தண்ணீரில் எங்கே இருக்கிறது எல்லை?

பழவேற்காடு ஏரியில் படகை வடக்கு நோக்கிச் செலுத்தினால், ஓரிடத்தில் தமிழ்நாடு முடிந்து ஆந்திரா தொடங்கிவிடும். எல்லைக்கல்லும் கிடையாது, வேலியும் கிடையாது. மீனுக்கு இந்தக் கோடு தெரியாது. ஆனால், வலையோடு எல்லை தாண்டியதாகச் சொல்லி இரு பக்கத்து மீனவர்களும் பலமுறை மோதியிருக்கிறார்கள்.

ஏரியின் தென்கோடியில், டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய ஜெல்டிரியா கோட்டை இருந்த இடத்தை ஒட்டியிருக்கிறது கோட்டைக்குப்பம். இன்று இது திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி தாலுகா. ஊர் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கோடுகள்தான் மாறிக்கொண்டே வந்தன.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வடகோடி இது. 1953-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி திரும்பி வந்தது. சும்மா வரவில்லை. பதிலுக்கு, பொன்னேரி தாலுகாவில் இருந்த சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குப் போனது. திருத்தணியைப் பேசும் அளவுக்கு சத்தியவேட்டை நாம் பேசுவதில்லை.

அப்புறமும் ஒரு சிக்கல் இருந்தது. 1968 முதல் கலெக்டர் ஆபீஸ் காஞ்சிபுரத்தில். பழவேற்காட்டுக்காரர் ஒரு மனு கொடுக்க வேண்டுமென்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஒருநாள் தொழில் போச்சு! 1997 ஜூலை 1-ல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்து திருவள்ளூர் உருவான பிறகுதான் அந்த அலைச்சல் குறைந்தது. (அயர்லாந்திலும் இதே கதைதான். நிர்வகிக்க முடியாத அளவுக்கு மக்கள் பெருகிய டப்ளின் கவுண்டியை 1994-ல் மூன்றாகப் பிரித்தார்கள்.)

ஆரணி ஆறு ஏரியில் கலப்பதும், முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வருவதும் நம் பக்கம். ஏரியின் பெரும்பரப்போ ஆந்திரா பக்கம். அங்குள்ள சூலூர்பேட்டை நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. 2022-ல் திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது. பறவைகள் சரணாலயமாக ஆந்திரா 1976-லும் தமிழ்நாடு 1980-லும் தனித்தனியே அறிவித்தன. ஏரி ஒன்று, சட்டமும் அதிகாரிகளும் இரண்டு.

அரசுக் கோடுகள் இப்படி இருக்க, கோட்டைக்குப்பத்து மீனவருக்கு நாள்தோறும் சோறு போடுவது வேறொரு கோடு. அதன் பெயர் 'பாடு'. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் ஏரியில் இறால் அதிகம் கிடைக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னார் வலை கட்டலாம் என்பது ஊர் முடிவு. நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது. முறை மாறும்போது இடமும் மாறும். எந்த வரைபடத்திலும் இல்லாத இந்தக் கோடு எங்கே போகிறது என்பது வலை கட்டுகிறவர்களுக்கு அத்துப்படி.

பாடு என்றால் எல்லோருக்கும் சமம் என்று நினைத்துவிட வேண்டாம். முறை பரம்பரையாக வருவது. பட்டியலில் இல்லாதவருக்கு அந்த இடங்களில் வலை கட்ட உரிமை இல்லை. அதே ஏரியை நம்பியிருக்கும் மற்ற ஊர்க்காரர்கள், "எங்களுக்கும் பங்கு கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். முகத்துவாரம் மணல் மூடி இறால் வரத்து குறையும் காலத்தில் அந்தக் குரல் இன்னும் பலமாகக் கேட்கிறது.