40 நிமிடத்தில் ஒரு கட்டுரை!

ஆங்கிலத் தேர்வில், படித்த கதையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் கை நடுங்குகிறதா? சென்னையில் பிறந்த ஆர்.கே.நாராயண், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்திலேயே தோற்றவர்! பின்னாளில் ஆங்கில நாவலுக்காகவே 1960ல் சாகித்ய அகாடமி விருது பெற்றார்.

அவருடைய 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' (1935) நாவலையே எடுத்துக்கொள்வோம். 'ஸ்வாமி ஊரை விட்டு ஓடியது ஏன்?' என்பது கேள்வி. நேரம் 40 நிமிடம். பலர் முழுக் கதையையும் சொல்லத் தொடங்கி, பாதியில் மணி அடித்ததும் விழிப்பார்கள். கதைதான் ஆசிரியருக்குத் தெரியுமே! அவர் கேட்பது உங்கள் கருத்தை.

முதல் 10 நிமிடம் யோசியுங்கள். 'தண்டனைக்குப் பயந்து ஓடினான்' என்று ஒரே வரியில் பதிலை முடிவு செய்யுங்கள். கதையிலிருந்து 2 சான்றுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜன்னல் கண்ணாடியை உடைத்து மாட்டியதும் மிஷன் பள்ளியிலிருந்து ஓடுகிறான். அடுத்த பள்ளியில், தலைமை ஆசிரியரின் பிரம்பைப் பிடுங்கி வீசிவிட்டு ஓடுகிறான். போதும்! அடுத்த 25 நிமிடம் எழுத. கடைசி 5 நிமிடம் பிழை திருத்த.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு சுட்டிகளே! பக்கத்திலேயே, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உங்களுக்கென்றே சிறுவர் பிரிவு இருக்கிறது. ஒரு கதை படியுங்கள். வீட்டுக்கு வந்து, கடிகாரத்தை எதிரில் வைத்து எழுதிப் பாருங்களேன்!