அணை வேண்டும், தண்ணீர் வேண்டாம்

இளநீர் உப்புக் கரித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெரியப்பா தோட்டத்துக் காய். ஒரு மடக்கு குடித்தவர், மீதியைப் பாத்தியில் ஊற்றிவிட்டு வெறுங்காயைக் கையில் வைத்தபடியே நின்றார்.

ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் கரையில் எங்கள் ஊர். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் ஆறு. முன்பெல்லாம் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொண்டு வந்துதான் சோறாக்குவார்கள். தோட்டத்தில் மஞ்சளும் தென்னையும். மேட்டில் கிளுவை வேலி அடைத்த கொறங்காடு, அதில் கொழுக்கட்டைப்புல் மேயும் காங்கயம் மாடுகள்.

எண்பதுகளில் திருப்பூர் பனியன் ஏற்றுமதி பெருகியது. விடிந்ததும் பெண்பிள்ளைகள் கம்பெனி வண்டி ஏறினார்கள். சனிக்கிழமை வாரச் சம்பளம். மழையை நம்பிக் கிடந்த குடும்பங்கள் பெண்களின் சம்பாத்தியத்தில் தார்சு வீடு கட்டின. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

பாசனத்துக்கென்று 1992இல் வந்த அணையில் தேங்கியது, மேலே திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் ஆற்றில் விட்ட கழிவு. எல்லோரும் நிறத்தைப் பார்த்துப் பதறினோம். கெடுத்ததோ கண்ணில் படாத உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற மூட்டை மூட்டையாக உப்புப் போடவேண்டும். சாயம் பெரும்பாலும் துணியோடு போகும், உப்பு தண்ணீரோடு வரும். அது மண்ணில் இறங்கி, கிணற்றில் ஊறி, வேர் வழியே இளநீர் வரைக்கும் ஏறிவிட்டது. பாத்தி காய்ந்தால் வெள்ளைப் பொருக்கு. தொட்டித் தண்ணீரை மாடு மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று கேட்டு விவசாயிகளே கோர்ட்டுக்குப் போகவேண்டி வந்ததே, அந்த வேதனை வேறு எந்த ஆயக்கட்டுக்கும் வரக்கூடாது.

கழிவை அறவே வெளியே விடாத பட்டறைதான் ஓடலாம், மற்றவற்றை மூடுங்கள் என்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இப்போது சவ்வில் வடிகட்டித் தண்ணீரை மீட்கிறார்கள். மிச்சத்தைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கிறார்கள். இந்தச் செலவை முதல் நாளே துணியின் விலையில் ஏற்றியிருக்கவேண்டும். ஏற்றாததால், கீழ்மடைக்காரர்கள் தோட்டத்தை வைத்து அதைக் கட்டினார்கள்.

பெரியப்பா மகன் இன்று பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோட்டத்துக்கு வருவார். மோட்டாரைப் போட்டதும் முதல் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

"இன்னும் கரிக்குதுங்களாண்ணா?"

"போன வருசத்துக்குத் தேவலை" என்றபடி மடையைத் திருப்பப் போனார்.