தள்ளிப்போடும் கூலி

அந்தமான் தீவுகளின் ரங்கத்தில் இரவெல்லாம் அடைமழை கொட்டினால், காலையில் சேற்றில் இறங்குபவர்களில் டி.ஆர்.எம். என்ற தினக்கூலி மஸ்தூரும் உண்டு. சாய்ந்த மரத்தை வெட்டி ஒதுக்க வேண்டும். மதகில் சிக்கிய மூங்கில் தூரைக் கையாலேயே பிடித்து இழுக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் நிரந்தர ஊழியரும் அதே மண்வெட்டியைத்தான் பிடிக்கிறார்; சம்பளப் பட்டியல் மட்டும் வேறு.

இந்தத் தீவுகளில் போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) மட்டுமே நகராட்சி. ரங்கத்துக்குப் பஞ்சாயத்துதான். சட்டமன்றமும் கிடையாது. நிர்வாகத்துக்கான பணம் உள்துறை அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளோடு டெல்லியில் முடிவாகிறது. கூலி பற்றிய வாதம் நீதிமன்றத்துக்குப் போனதில் வியப்பில்லை.

சுமார் 4,000 மஸ்தூர்களுக்கு உயர்த்திய கூலியும் அகவிலைப்படியும் கொடுக்கும்படி, கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு 2022 டிசம்பர் 19 அன்று உத்தரவிட்டது. அது நிறைவேறவில்லை. 2023 ஆகஸ்ட் 3 அன்று அவமதிப்பு வழக்கில் தலைமைச் செயலாளரைப் பணியிடை நீக்கம் செய்யவும், துணைநிலை ஆளுநர் சொந்தப் பணத்தில் 5 லட்சம் ரூபாய் கட்டவும் நீதிமன்றம் ஆணையிட்டது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. செய்தித்தாள்கள் அதிகாரிகளைப் பற்றியே எழுதின. எனக்கு அந்த 4,000 வீடுகளின் மளிகைக் கணக்குதான் பெரிதாகத் தெரிகிறது.

கோரிக்கை புதியதல்ல. நிரந்தர ஊழியரின் வேலையையே செய்யும் தினக்கூலிக்கு, அந்தப் பதவியின் தொடக்கச் சம்பளத்தோடு அகவிலைப்படியும் சேர்த்து முப்பதில் ஒரு பங்கை நாட்கூலியாகத் தரவேண்டும் என்று மத்திய அரசே 1988 ஜூனில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் தற்காலிக ஊழியருக்கும் பொருந்தும் என்று 2016-ல் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கொடுக்காத கூலி மிச்சமாகாது, கடனாக ஏறும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகர மன்றம் குப்பை அள்ளும் ஆண்களுக்குப் போனஸ் கொடுத்து, அதே தரத்தில் சமையலும் துப்புரவும் செய்த பெண்களுக்குக் கொடுக்காமல் விட்டது. 2012-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பெண்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் கோரிக்கைகள் குவிந்தன. 2023-ல் பாக்கி 76 கோடி பவுண்டு வரை போகலாம் என்று மன்றமே மதிப்பிட்டது. அந்தச் செப்டம்பர் 5 அன்று, அத்தியாவசியம் தவிர வேறு செலவு செய்ய முடியாது என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு வீட்டு வரி ஏறக்குறைய 10 சதவீதம் ஏறியது, சேவைகள் சுருங்கின. 2025-ல் குப்பை அள்ளுபவர்களின் வேலைநிறுத்தத்தால் தெருவில் ஆயிரக்கணக்கான டன் குப்பை தேங்கியது.

பர்மிங்ஹாமுக்கு விற்கச் சொத்து இருந்தது, உயர்த்த வரி இருந்தது. ரங்கத் பஞ்சாயத்துக்கு அந்த வசதி இல்லை. மஸ்தூர்களின் பாக்கி மொத்தமாக வந்து விழுந்தால், குழாய்க்கும் சாலைக்கும் ஒதுக்கிய பணத்தில்தான் முதலில் கை வைப்பார்கள். ஏப்ரல் 1-ல் புது நிதியாண்டு தொடங்கும் முன், எந்தத் துறையில் எத்தனை மஸ்தூர், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பாக்கி என்று கணக்கெடுத்து, பட்ஜெட்டில் தனி வரியாக எழுத வேண்டும்.