கழுத்தில் ஒரு சிறு கட்டி

தாய்மார்களே, தாலிக் கயிற்றைச் சரிசெய்யும்போது கழுத்தின் முன்பக்கம் விரலில் ஒரு கட்டி தட்டுப்படுகிறதா? எச்சில் விழுங்கினால் அதுவும் கூடவே ஏறி இறங்கும். வலிக்காது. வலிக்காததுதான் வம்பு, 'தீபாவளி கழியட்டும்' என்று தள்ளிப்போட்டு விடுகிறோம்.

அது தைராய்டு சுரப்பியில் எழுந்த கட்டி. இத்தகைய கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. புற்றாக இருந்தாலும், அதிகமாகக் காணப்படும் 'பாப்பில்லரி' வகை மெல்ல வளர்வது, நன்றாகக் குணமாவது.

ஆனால் அதே குடும்பத்தில் அபூர்வமாகப் பிறக்கும் பொல்லாத பிள்ளை ஒன்று உண்டு. 'நெட்டைச் செல்' வகை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் அகலத்தைவிடக் குறைந்தது மூன்று மடங்கு உயரமாக, நிரை பிடித்து நட்ட ரப்பர் மரங்களைப்போல் நிற்கும். கட்டியில் 100க்கு 30 பங்காவது இப்படி இருந்தால்தான் இந்தப் பெயர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வகுத்தது. இது சுரப்பியைத் தாண்டிக் கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவுவது அதிகம். சாதாரண வகையை அழிக்கும் கதிரியக்க அயோடினையும் பல சமயம் சரியாக உறிஞ்சுவதில்லை.

ஊசிப் பரிசோதனையில் இது எப்போதும் பிடிபடாது. அறுவைக்குப் பின்னரே தெரியவரும். ஆகவே பெரி ஏறிப் பினாங்கு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அறுவை செய்துகொண்டவர்கள், "எனக்கு வந்தது எந்த வகை, டாக்டர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எத்தனை முறை மறுபரிசோதனைக்கு வரவேண்டும் என்பதற்கு அந்தப் பதிலும் முக்கியம்.

நெட்டை வகை என்றதும் அழுது புலம்ப வேண்டாம். திரும்ப வரும் அபாயம் கூடுதல்தான்; ஆனால் சுரப்பிக்குள் இருக்கும்போதே முழுவதும் எடுக்கப்பட்டவர்களில் பலர் பல்லாண்டு நலமாக வாழ்கிறார்கள். சுரப்பி முழுதும் போனவர்களுக்குத் தைராக்சின் மாத்திரை ஆயுள் முழுக்க. காலையில், வெறும் வயிற்றில், தேத்தண்ணிக்கு முன்.