கூரைக் குச்சில் தொடங்கிய தொழுகை! சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய "பெரிய பள்ளி"

"பெரிய பள்ளி", "குச்சுப் பள்ளி".

இந்தப் பெயர்களைக் கேட்டதும், "கீழக்கரையா? நாகூரா? காயல்பட்டினமா?" என்று கேட்கத் தோன்றும். அது ஒன்றும் இல்லை. இரண்டுமே இருப்பது சிங்கப்பூரில்!

திருப்பூர்க்காரர்களுக்கு சிங்கப்பூர் புது ஊர் அல்ல. பனியன் சரக்கு விஷயமாகப் போகிறவர்கள் உண்டு. சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறவர்களும் உண்டு. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோவில் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பலரும் திரும்புவார்கள். அதே வரிசையில், கூப்பிடு தூரத்தில், இரட்டை மினாராவோடு நிற்கிறது ஒரு பள்ளிவாசல். அதுதான் பெரிய பள்ளி. "மஸ்ஜித் ஜாமியா" என்பது எழுத்துப் பெயர். "சூலியா பள்ளிவாசல்" என்றும் சொல்வார்கள்.

யார் இந்தச் சூலியாக்கள்?

சோழமண்டலக் கரையில் இருந்து கப்பலேறிப் போன தமிழ் முஸ்லிம்கள்தான். "சோழ" என்ற சொல்தான் மருவி "சூலியா" ஆயிற்று என்பது பொதுவான கருத்து. நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டைப் பக்கத்து ஆட்கள். ஜவுளி மூட்டையோடு மலாய்த் துறைமுகங்களுக்குப் போய் வந்தவர்கள். பினாங்கில் 1801லேயே "கேப்டன் கிளிங்" பள்ளிவாசலை எழுப்பியவர்களும் இவர்கள்தான்.

1819ல் ராபிள்ஸ் துரை சிங்கப்பூரில் வந்து இறங்கினார். ஊர் உருவாகிறது என்ற சேதி பரவியதும் சூலியாக்களும் வந்து சேர்ந்தார்கள். வியாபாரி, பணம் மாற்றுகிறவர், படகோட்டி, மாட்டு வண்டிக்காரர் என்று எல்லா ரகமும் உண்டு. 1822ல் ராபிள்ஸ் ஊருக்குத் திட்டம் போட்டபோது, ஆற்றின் மேல்பகுதியில் "சூலியா கம்போங்" என்று இவர்களுக்குத் தனி இடமே குறித்தார். ஆனால் பிழைப்பு இருந்தது துறைமுகத்து ஓரம். ஆகவே ஆட்களும் அந்தப் பக்கமே ஒண்டிக்கொண்டார்கள்.

திருப்பூரில் இன்று பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் பனியன் கம்பெனி வேலைக்கு வருகிறவர் முதலில் என்ன தேடுகிறார்? தங்க ஒரு ரூம். அப்புறம் சொந்த ஊர் ஆள். அதற்கப்புறம் சாமி கும்பிட ஒரு இடம். 200 வருடத்துக்கு முந்தி சிங்கப்பூர் போன தமிழனின் தேடலும் அதேதான்.

குடிசைதான் பள்ளிவாசல்!

1826ல் அன்சார் சாகிப் என்பவர் தலைமையில் சூலியாக்கள் கூடி பெரிய பள்ளியைத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே, 1827ல், கடற்கரையை ஒட்டிய தெலுக் ஆயர் தெருவில் இன்னொன்று. கூரை வேய்ந்த ஒரு குச்சுதான் அது. குச்சு வீடு என்று நம்மூரில் சொல்வோமே, அதேதான். "குச்சுப் பள்ளி" என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. 1850களில் செங்கல் கட்டடம் எழும்பிய பிறகும் பெயர் மாறவில்லை. எழுத்துப் பெயர் "அல் அப்ரார்". நிலம் 999 வருடக் குத்தகை!

அதே தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே நாகூர் தர்கா ஒன்றும் எழுந்தது. நாகூர் ஆண்டவர் கடலோடிகளைக் காப்பவர் ஆயிற்றே! புயல் மழைக்குத் தப்பிக் கரையேறியவன் முதல் அடி வைத்ததும் நன்றி சொல்ல ஓர் இடம் வேண்டாமா? சீனர்களும் அதே நினைப்பில் அதே தெருவில் கடல் தெய்வத்துக்குக் கோவில் கட்டினார்கள். பிறகு கடலைத் தூர்த்து ஊரை நீட்டிவிட்டார்கள். இன்று அந்தத் தெருவில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. வானளாவிய கட்டடங்கள்தான் தெரியும்.

கோணல் ஏன்?

பெரிய பள்ளியின் இன்றைய கட்டடம் 1830ல் தொடங்கி 1835க்குள் முடிந்தது. அதன் பிறகு பெரிய மாறுதல் ஏதும் இல்லை. வாசல் தென்னிந்திய பாணி. எண்கோண மினாரா இரண்டு. அவற்றுக்கு நடுவே குட்டிக் குட்டிக் கதவும் ஜன்னலும் வைத்த பொம்மை அரண்மனை மாதிரி ஒரு முகப்பு. உள்ளே போனால் தூண்கள் வெள்ளைக்காரர் பாணி! கைப்பிடிச் சுவரில் பதித்த பச்சை ஓடு சீனத்துச் சரக்கு!

இன்னொரு விஷயத்தைக் கவனித்தால்தான் தெரியும். வாசல் ரோட்டைப் பார்த்து நேராக நிற்கிறது. உள்ளே தொழுகைக் கூடம் மட்டும் சற்றுக் கோணலாகத் திரும்பியிருக்கிறது. கொத்தனார் தவறு அல்ல. ரோடு போட்டது கும்பெனிக்காரன். தொழுகை நடப்பது மக்காவை நோக்கி. வாசலை ரோட்டுக்கு விட்டுக்கொடுத்தார்கள், கூடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

மாரியம்மன் கோவிலும் 1827ல் உண்டானதுதான். கட்டியவர் பினாங்கில் இருந்து ராபிள்சோடு வந்த நாராயண பிள்ளை. பள்ளிக்கும் கோவிலுக்கும் நடுவே உள்ளது பகோடா தெரு. பள்ளிக்கு அந்தண்டை மாஸ்க் தெரு, கோவிலுக்கு இந்தண்டை டெம்பிள் தெரு. ஒரே கரையில் இருந்து கப்பலேறியவர்கள் அங்கேயும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்!

பெயருக்கும் ஒரு வழக்கு உண்டு. தென்னிந்தியர்களை மலாய்க்காரர்கள் "கிளிங்" என்பார்கள். முதலில் அது சாதாரணப் பெயர்தான். நாளடைவில் ஏளனப் பேச்சாகிவிட்டது. இந்தியர்கள் ஆட்சேபித்தார்கள். 1920களில் "கிளிங் தெரு" என்ற பெயரை எடுத்துவிட்டு "சூலியா தெரு" என்று வைத்தார்கள். பலகை இன்றும் இருக்கிறது.

ஆள் போனார்கள், கட்டடம் நின்றது

1960க்குப் பிறகு சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி வீடுகள் கட்டி ஜனங்களை ஊர் முழுக்கக் குடியேற்றியது. கடைக்கு மேல் மாடியில் பத்துப் பேர், இருபது பேராகப் படுத்துக் கிடந்த தமிழர்கள் பழைய தெருக்களைக் காலி செய்தார்கள். பெரிய பள்ளியைச் சுற்றி எல்லாம் சீனக் கடைகள். குச்சுப் பள்ளியைச் சுற்றி பாங்குகளும் ஆபீஸ்களும். ஒவ்வொரு அடி மண்ணும் தங்க விலை! இடிக்காமல் விடுவார்களா என்ற கவலைக்கு இடம் இருந்தது.

1974ல் பெரிய பள்ளி, குச்சுப் பள்ளி, நாகூர் தர்கா மூன்றையும் தேசிய நினைவுச் சின்னங்களாக அரசு அறிவித்தது. இடிப்புப் பயம் போயிற்று. ஆனால் தர்கா கட்டடம் நலிந்து, 1998ல் கதவை மூடினார்கள். பல வருடம் பூட்டு! பழுது பார்த்து, 2011ல் இந்திய முஸ்லிம் மரபு நிலையமாகத் திறந்தார்கள்.

பள்ளிகள் இரண்டும் பூட்டப்படவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் குச்சுப் பள்ளியில் ஆபீஸ்காரர் கூட்டம் நெரியும். பெரிய பள்ளியில் ஜும்மா பிரசங்கம் தமிழில். ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சி உண்டு. நம்மூர்க் கஞ்சியேதான். மலாய்க்காரர், வங்கதேசத்துக் கட்டடத் தொழிலாளி, தஞ்சாவூர்ப் பையன் என்று யார் வந்தாலும் ஒரே வரிசை, ஒரே கஞ்சி!